ஊசிமுனைத் தண்ணீர்

ஹுமாயூனுக்கு முதலில் கை பேசும், அடுத்து வாய் பேசும், விஷயம் கடைசியில்தான் வெளியே வரும். பல சமயம் அது வருவதற்குள் கேட்க வேண்டியவன் சட்டையை உதறிக்கொண்டு கிளம்பியிருப்பான். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. மீசை அரும்பியதும் விமானம் ஏறியவன், தலை நரைக்கத் தொடங்கும்வரை ஜுபைலில் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் கம்பெனியில் வேலை பார்த்தான். திரும்பி வந்து குன்னத்துக்கு வெளியே அரியலூர் ரோட்டின்மேல் ஒரு வாட்டர் சர்வீஸ் போட்டான். சவுதியில் சம்பாதித்ததையெல்லாம் அதில் கொட்டியவன், கோபத்தை மட்டும் செலவழிக்காமல் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

அந்த ரோட்டில் வாட்டர் சர்வீஸ் புதிதல்ல. ஆனால் மற்றவர்களிடம் இருப்பதெல்லாம் கரண்ட் மோட்டாரில் ஓடும் பழைய பம்பு. அதன் தண்ணீர் சேற்றை இளக்கும், அவ்வளவுதான். ஹுமாயூன் வாங்கியது பெட்ரோல் இன்ஜின் பூட்டிய பிரஷர் மிஷின். அரியலூர்ப் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றி வரும் லாரிகளின் அடியில் இறுகிப்போன பத்தையை வேறிடத்தில் உளி வைத்துக் கொத்துவார்கள். இந்த மிஷினின் துப்பாக்கி முனையில் சிவப்பு நாசிலைப் போட்டால் தண்ணீர் ஊசியாகப் பாய்ந்து அந்தப் பத்தையைப் பெயர்த்துத் தள்ளிவிடும். லாரிக்காரர்கள் அதை வேடிக்கை பார்க்கவே வருவார்கள்.

மிஷினைப் பிடிப்பவன் வீரமுத்து. பக்கத்துக் கிராமத்துக்காரன். நல்ல உழைப்பாளி, நல்ல ரோஷக்காரன். அவனுக்கு ஹுமாயூன் தொழில் கற்றுக்கொடுத்த விதம் இருக்கிறதே, அதைக் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு மழைநாளில் வீரமுத்து மிஷினை ஷெட்டுக்குள் இழுத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். ஓடிவந்த ஹுமாயூன் மிஷினைக் காலால் உதைத்து வெளியே உருட்டினான், வீரமுத்துவைப் பிடரியில் கை வைத்து மழைக்குள் தள்ளினான். இன்ஜின் புகை மூடிய இடத்தில் ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாடு மாதிரி உள்ள நிக்கிற, வெளிய போடா" என்றதோடு சரி. இன்ஜின் சூடு ஆறுமுன் பெட்ரோல் ஊற்றப் போனபோது கையில் ஓர் அடி. இன்ஜினை நிறுத்தினாலும் ஹோஸுக்குள் பிரஷர் நிற்கும், ட்ரிக்கரை ஒருமுறை அழுத்தி அதை வெளியே விட்டுவிட்டுத்தான் நாசிலைக் கழற்ற வேண்டும். அதை மறந்த அன்று நாசில் பறந்துபோய் ஷெட்டுத் தகரத்தில் அடித்தது. பின்னாலேயே ஹுமாயூனின் செருப்பும் பறந்தது.

"ஏங்க, உங்களுக்கும் அந்த மிஷினுக்கும் ஒரே கம்பெனிதான் போல. ஆஃப் பண்ணாலும் உள்ள பிரஷர் நிக்கிது" என்பாள் அவன் மனைவி ஜுலைகா.

இத்தனைக்கும் வீரமுத்து வேலையை விட்டுப் போகவில்லை. அடித்த கையாலேயே ஹுமாயூன் பிரியாணிச் சட்டியில் பெரிய கறித்துண்டாகத் தேடி எடுத்து அவன் இலையில் வைப்பான். அதோடு இன்னொன்றும் உண்டு. என்ன அடித்தாலும் வெளியாள் பார்க்க அடித்ததில்லை. ரோஷக்காரனுக்கு அது பெரிய மரியாதை.

அந்த ரோட்டு வாட்டர் சர்வீஸ்காரர்களுக்கு இரண்டு பழக்கம் உண்டு. ட்ரிக்கரை அழுத்தியே பிடித்துக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் விரல் மரத்துவிடும். அதனால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வார் வெட்டி ட்ரிக்கரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் தானாகப் பாய்ந்துகொண்டே இருக்கும், கைக்கு நோவில்லை. இன்னொன்று, வண்டி கழுவி முடிந்ததும் டிரைவரின் காலைக் கழுவிவிடுவது. டிரைவர் பம்பர்மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவார். அதே துப்பாக்கியால் சேறு போக அடித்துவிடுவார்கள். அது ஒரு மரியாதை. அதைச் செய்யாவிட்டால் சர்வீஸ் பாதியில் நின்ற மாதிரி டிரைவருக்கு மூஞ்சி தொங்கிப்போகும். பழைய பம்பில் இரண்டும் வம்பில்லாத வேலை. ஹுமாயூனின் மிஷினில் இரண்டும் கொலைபாதகம். வாரைக் கண்ட இடத்திலெல்லாம் ஹுமாயூன் அறுத்தெறிந்தான். ஏன் என்று மட்டும் சொன்னதே இல்லை.

மாசி மாதம். மக்காச்சோள அறுப்பு. காலையில் அரியலூரிலிருந்து கலைச்செல்வன் தன் டிப்பர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவன், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வீரமுத்து சிவப்பு நாசில் போட்டு அடிப்பத்தையை எல்லாம் பெயர்த்து முடிக்கும்வரை ஹுமாயூன் கூடவே நின்றான். பிறகு டீ சொல்ல ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனான். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தான்.

கலைச்செல்வன் பம்பர்மேல் உட்கார்ந்து வெறுங்காலை நீட்டிக்கொண்டிருந்தான். எதிரே வீரமுத்து துப்பாக்கியோடு நின்றான். நாசிலை மாற்றவில்லை. ட்ரிக்கரில் கறுப்பு வார் கட்டியிருந்தது. ஊசித் தண்ணீர் காலுக்குச் சற்று முன்னால் தரையைக் குத்தி மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

"காலக் காட்டுங்கண்ணே, சில்லுனு இருக்கும்" என்றான் வீரமுத்து.

ஹுமாயூன் ஓடினான். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவனை உரசிப்போனது. கத்தினால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது என்பது உண்மைதான். ஓடிவந்து சுவிட்சை அணைத்திருக்கலாம் என்பதும் உண்மைதான், மிஷின் அவன் வந்த வழியிலேயே இருந்தது. ஆனால் கைதானே அவனுக்கு முதலில் பேசும். நேரே போய் வீரமுத்துவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். இன்ஜின் சத்தத்தையும் மீறி அந்த அறை கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீரமுத்துவின் கண்ணில் நீர் சுரந்துவிட்டது. "யோவ்!" என்றான். அதுவரை அவன் ஹுமாயூனை அப்படி அழைத்ததில்லை. ஹுமாயூன் துப்பாக்கியைப் பிடித்து இழுத்தான். வீரமுத்து விடவில்லை. இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். வார் கட்டிய ட்ரிக்கர், யார் விட்டாலும் நிற்காது. தண்ணீர் தாறுமாறாகப் பாய்ந்து தரையைக் கீறியது, பம்பர் பெயிண்டை நீளமாக உரித்தது, கலைச்செல்வனின் செருப்பு ஒன்றைப் பிய்த்து எறிந்தது. கலைச்செல்வன் அலறிக்கொண்டு காலைத் தூக்கிக்கொண்டான். துப்பாக்கி முனை அவன் பக்கமே திரும்பியது. அதைத் தள்ளிவிட வீரமுத்து இடது கையைக் கொண்டுபோனான். முனை அவன் ஆள்காட்டி விரலடியில் ஒரு கணம் அழுந்தியது.

ஹுமாயூன் பின்னால் எட்டி உதைத்தான். மிஷின் சாய்ந்து இன்ஜின் அடங்கியது. வீரமுத்து கையைப் பார்த்தான். விரலடியில் எறும்பு கடித்தாற்போல் ஒரு துளை, அதில் ஒரே ஒரு பொட்டு ரத்தம். துடைத்தான். அடுத்த பொட்டு வரவில்லை.

ஹுமாயூன் அந்தத் துளையைப் பார்த்தான். ஜுபைலில் அவன் அறையில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த ரஃபீக்கின் கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையிலும் இதே அளவு துளைதான். உள்ளே போன தண்ணீரும் அழுக்கும் தோலுக்கடியில் சதையைக் கிழித்துக்கொண்டு ஓடியிருந்தது வெளியே தெரியவில்லை. நாள் திரும்புவதற்குள் கை கறுத்து, முழங்கையோடு எடுத்தார்கள். இது நடந்தால் உடனே கத்தி வைக்கும் டாக்டரிடம் போக வேண்டும், தாமதிக்கிற ஒவ்வொரு நாழிகைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை போகும். ஹுமாயூனுக்கு இது முழுக்கத் தெரியும். அந்த இடத்தில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அதை அவன் சொன்ன அழகைப் பாருங்கள்.

"ஏறுடா வண்டியில, நாயே! ஆஸ்பத்திரிக்கு ஏறுடா!"

"ஆஸ்பத்திரிக்கா? அறைஞ்சது நீ. கன்னத்துக்கு மருந்து போடவா?" என்றான் வீரமுத்து.

"கைடா, கை! பேசாம ஏறு!"

கலைச்செல்வன் எட்டிப் பார்த்தான். "இதுக்கா பாய் இந்தக் குதி குதிக்கிறீங்க? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் சுண்ணாம்பு வச்சா சரியாப் போயிடும்."

ஹுமாயூன் வீரமுத்துவின் சட்டையைப் பிடித்துத் தன் குட்டியானை வண்டியை நோக்கி இழுத்தான். வீரமுத்து உதறினான். சட்டை கிழிந்தது. ஹுமாயூன் மறுபடி கையை ஓங்கியபோது வீரமுத்து துப்பாக்கியைத் தடிமாதிரி பிடித்து அவன் தோளில் இறக்கினான். இரும்புக் குழாய். ஹுமாயூன் மண்டியிட்டு விழுந்து, விழுந்த வேகத்தில் அவன் காலைப் பிடித்து இழுத்தான். இருவரும் சேற்றில் புரண்டார்கள். டீக்கடைக்காரர்கள் ஓடிவந்து பிரித்தார்கள். கலைச்செல்வன் ஹுமாயூனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். ஹுமாயூன் அவன் கையைக் கடித்தான்.

"ஆள் பாக்க அறைஞ்சிட்டல்ல. இனிமே உன் மூஞ்சியில முழிச்சா என் பேரு வீரமுத்து இல்ல" என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான்.

"விடாதீங்கடா அவன! புடிங்கடா, தே...யளா!" என்று ஹுமாயூன் கத்தினான். கடைசியில் வந்த வசவைக் கேட்டபின் பிடித்திருந்தவர்களுக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது. கடிபட்ட கையை உதறிக்கொண்டு கலைச்செல்வன், "பாய்க்கு இன்னிக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு. போயி அவனக் கொன்னுப்புடுவாரு. ஆறட்டும்" என்றான். நாலு பேராக அவனைத் தூக்கி ஷெட்டுக்குள் போட்டு ஷட்டரை இழுத்துவிட்டார்கள். அவன் பூட்டையே எடுத்துப் பூட்டினார்கள்.

ஹுமாயூன் ஷட்டரைக் குத்தினான், உதைத்தான். கத்தியதெல்லாம் வசவு. அம்மாவை, அக்காவை, பிறந்த ஊரை என்று யாரையும் விடவில்லை. வெளியே இருந்தவர்கள் ஒவ்வொரு வசவுக்கும் ஒருவரையொருவர் பார்த்து, "இன்னும் ஆறல" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்கள். நடுநடுவே "கை போயிடும்டா" என்றும் கத்தினான்தான். அவன் யாருடைய கையையோ எடுக்கப்போவதாக மிரட்டுகிறான் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கைபேசி வேறு சேற்றில் விழுந்து கிடந்தது. டீ ஆறி, இரண்டாவது டீயும் ஆறியது. ஆற வேண்டியவன் ஆறவில்லை.

கடைசியில் அவன் பின்பக்கச் சுவரில் அடித்திருந்த தகரத்தை ஜாக்கிக் கம்பியால் நெம்பினான். பெயர்ந்த இடைவெளியில் உடம்பைத் திணித்து வெளியே வந்தபோது தகர விளிம்பு முன்கையை நீளமாகக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்டக் குட்டியானையில் ஏறிக் கிளப்பினான். கலைச்செல்வன் குறுக்கே ஓடிவந்தான், வண்டி நிற்காது என்று தெரிந்ததும் பள்ளத்தில் குதித்தான்.

வீரமுத்துவின் ஊருக்குப் போகும் சிறு ரோட்டில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ரோட்டில் வருகிற எல்லா வண்டியும் ஓரம் கட்டிப் போகும். ஹுமாயூன் நேராக மேலேயே ஏற்றினான். சோளம் நொறுங்கும் சத்தம் கேட்டு, மரப்பலகையால் சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். வீரமுத்துவின் மனைவி மலர்கொடி.

"ஏய் பாவி! கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று அவள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது.

புருஷன் கன்னம் வீங்கி, சட்டை கிழிந்து வந்ததைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். காரணம் கேட்டால் அவன் சொல்லவில்லை. பைக்கில் அவன் பின்னாலேயே வந்த டீக்கடைப் பேச்சுதான் சொன்னது. அரிவாளோடு கிளம்பப்போன தன் தம்பி தங்கசாமியை இப்போதுதான் திட்டி உட்காரவைத்திருந்தாள். அடித்தவனே வீடு தேடி, சோளத்தை நசுக்கிக்கொண்டு வந்து இறங்கினால் யார்தான் பொறுப்பார்கள்?

வீரமுத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இடது கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தான். ஹுமாயூன் யாரையும் பார்க்காமல் நேரே போய் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான்.

"எழுந்திருடா! இழுத்துக்கிட்டே போறேன் பாரு!"

அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. தங்கசாமியின் முதல் குத்து காதோரம் விழுந்தது. அடுத்தது எங்கே விழுந்தது என்று ஹுமாயூனுக்குத் தெரியாது. இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவன் வயிற்றில் உதைத்தான். அவன் திருப்பி ஒருவன் மூக்கில் முட்டினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியதும் மற்றவர்களுக்கு வெறி ஏறிவிட்டது. மலர்கொடி சோளப் பலகையை ஓங்கி அவன் புருவத்தில் போட்டாள். தோல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. கீழே விழுந்தவனை மிதித்தார்கள். விலாவில் ஏதோ முறிவது அவனுக்கே கேட்டது. வீரமுத்துவும் எழுந்துவந்து ஓர் உதை விட்டான். காலை முழுவதும் சேர்த்துவைத்திருந்த உதை. உதைத்துவிட்டுத் தடுமாறி, மரத்தைப் பிடிக்க இடது கையை நீட்டியவன், பிடிக்க முடியாமல் கையை இழுத்துக்கொண்டான்.

துண்டு அவிழ்ந்து விழுந்தது. ஒரு கண்ணால் ஹுமாயூன் அந்தக் கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரல் வீங்கி, மெழுகுமாதிரி வெளுத்திருந்தது. உள்ளங்கை நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

அவன் கத்தத்தான் நினைத்தான். முறிந்த விலா விடவில்லை. மூச்சு இழுத்தாலே உயிர் போனது. உரக்கப் பேச வழியில்லாமல் போனதால், பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் மெதுவாகப் பேசினான்.

"வீரமுத்து. எனக்குப் பயமா இருக்குடா."

மிதித்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. ஹுமாயூன் பயப்படுகிறவன் என்று அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அடிங்க, பரவால்ல. அவன் கையப் பாத்துட்டு அடிங்க. சவுதியில ரஃபீக்குனு ஒரு பெங்காலிப் பையன், என் பக்கத்துக் கட்டிலு. இதே மாதிரி மிஷினுதான். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. சாப்புட்டான், சிரிச்சான், படுத்துட்டான். தண்ணி உள்ள பூந்து சதையப் பூரா கிழிச்சிருந்துச்சு. முழங்கையோட எடுத்தாங்கடா. அவன் அழுதத நான் இன்னும் மறக்கல." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "வெரல்ல உணர்ச்சி இருக்காடா?"

வீரமுத்து குனிந்து கையைப் பார்த்தான். மலர்கொடி பலகையைப் போட்டுவிட்டுப் போய் அவன் கையைப் பிடித்தாள். விரல் நுனியை நகத்தால் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினாள். நகம் பதிந்த தடம் அப்படியே நின்றது. "ஏங்க, வலிக்குதான்னு கேக்குறன்ல?"

"அப்பத்துலேர்ந்தே மரத்துப் போய்த்தான் கெடக்கு" என்றான் வீரமுத்து. முகத்தில் ரோஷமெல்லாம் வடிந்து, வெறும் பயம் மட்டும் இருந்தது.

மலர்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தம்பியைப் பார்த்து, "வண்டிய எடு" என்றாள்.

ஹுமாயூனை மிதித்த தங்கசாமியே ஹுமாயூனின் குட்டியானையை ஓட்டினான். பின்னால் தகரத் தளத்தில் வீரமுத்துவும் மலர்கொடியும். ஹுமாயூனை யாரும் ஏறச் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு தானே ஏறி மூலையில் சுருண்டான். "கைய மேல தூக்கியே வச்சிருக்கச் சொல்லும்மா. தண்ணி குடுக்காத, மயக்க ஊசி போடுவாங்க" என்று இரண்டு முறை மெதுவாகச் சொன்னான். மலர்கொடி அவனைப் பார்க்காமலே புருஷன் கையைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஹுமாயூன் பல்லைக் கடித்துக்கொண்டான். பெரம்பலூர் வரும்வரை அவன் ஓதிக்கொண்டே வந்தான், உதடு மட்டும் அசைந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தக் களரியாக வந்த ஹுமாயூனைத்தான் முதலில் பார்த்தாள். அவன் வீரமுத்துவைக் காட்டி, "அவன் கை. பிரஷர் மிஷின் தண்ணி, சிமெண்ட் லாரி அழுக்கு" என்றான். டாக்டரம்மா துளையை ஒருமுறை பார்த்தாள். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிக்கொண்டே நடந்தாள். வீரமுத்துவை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஓடினார்கள்.

வெளியே பெஞ்சின் ஒரு முனையில் மலர்கொடியும் தங்கசாமியும் உட்கார்ந்தார்கள். மறுமுனையில் ஹுமாயூன். ஒரு நர்ஸ் வந்து அவன் புருவத்தில் தையல் போட்டாள். வலிக்கும் என்றாள். அவன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். யா அல்லாஹ், என் கையை எடுத்துக்கொள், அவன் கையை விட்டுவிடு என்று மனதுக்குள் மன்றாடினான். இத்தனை வருஷத்தில் அவன் தனக்கென்று எதையும் இவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது டாக்டரம்மா வெளியே வந்தாள். களைத்திருந்தாள்.

"கை தப்பிச்சிடுச்சு. ஆள்காட்டி விரலக் காப்பாத்த முடியல, எடுத்துட்டோம். உள்ள அவ்வளவு கெட்டுப் போயிருந்துச்சு."

மலர்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிபட்டவொடனே வந்திருந்தா விரலும் தப்பிச்சிருக்கும்" என்றாள் டாக்டரம்மா. அவளுக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. "காலையில அடிபட்டுருக்கு. குன்னம் என்ன, கூப்பிடு தூரம். இத்தன நேரம் என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க எல்லாரும்?"

தங்கசாமி தலையைக் குனிந்துகொண்டான். அவன் சட்டையெல்லாம் ஹுமாயூனின் ரத்தம்.

"அடிச்சுக்கிட்டு இருந்தோம் டாக்டர்" என்றான் ஹுமாயூன்.

டாக்டரம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, மயக்கம் தெளிகிறது, ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். ஹுமாயூன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உள்ளே போய் அவன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. கதவுவரை போய்விட்டான்.

மலர்கொடி குறுக்கே வந்து நின்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"நீங்க வேணாம் பாய். முழிச்சதும் வெரலு எங்கன்னு கேப்பாரு. அதை நான் பதமாச் சொல்லிக்கிறேன். உங்களுக்குச் சொல்ல வராது."

ஹுமாயூன் கதவிலிருந்து கையை எடுத்தான். அவள் உள்ளே போவதற்காக ஒதுங்கி நின்றான்.